அத்தானும் குட்டி சிடி கேமராவும்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுவது தொழில். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் போய் "டிரைவர் எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "கேமராக்காரர்" என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். அதே வண்டியின் பின்னால் ஸ்ட்ரெச்சர் பிடிக்கிற வேலை எனக்கு. பகலெல்லாம் அத்தானோடு வண்டியில், சாயங்காலம் அதே அத்தானோடு வீட்டில். எனக்கு விடுதலையே கிடையாது.

ஆம்புலன்ஸுக்கு வருவதற்கு முன்னால் அவர் பிரெட் வண்டி ஓட்டியவர். ஏற்றுகிறவன் "போதும்ணே" என்றால், "இன்னும் இடம் இருக்கு, வை" என்பாராம். அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. வீட்டில் ஒரு அலமாரிக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. எதைக் கேட்டாலும் இன்னும் இடம் இருக்கு. செருப்பு ஸ்டாண்டில் இடம் இருக்கு, பாயில் இடம் இருக்கு, வயிற்றில்கூட இடம் இருக்கு.

துணி துவைக்கிற மெஷின் வாங்கப் போன மனிதர் கேமராவோடு திரும்பி வந்தார். அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இது துணி துவைக்குமா?"

"அதுவும் உள்ள சுத்தும், இதுவும் உள்ள சுத்தும். நீயே பாரேன்" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

உண்மையிலேயே சுற்றியது. அந்தக் காலத்தில் டிஜிட்டல் கேமராவே அதிசயம். இதுவோ அதிசயத்திலும் அதிசயம். பின்பக்கம் பவுடர் டப்பா மூடி மாதிரி வட்டமாகத் திறக்கும். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி சிடி. பட்டனை அமுக்கினால் கிர்ர்ர் என்று சத்தம். படம் சிடியில் ஏறுகிறது என்று அர்த்தம். அது ஏறி முடிகிற வரைக்கும் கேமரா ஆடக்கூடாது என்பது அத்தானின் சட்டம். அவரும் மூச்சு விடமாட்டார், நாங்களும் விடக்கூடாது. குழி பார்க்காமல் வண்டியைப் பறக்கவிடுகிற ஆள், "ஆடாதீங்க, எழுதுது!" என்று ஒரு வார்டையே சிலையாக்கி நிறுத்துவார்.

எதை எடுப்பார் என்று கேட்காதீர்கள். எதை விடுவார் என்று கேளுங்கள். ரோட்டுப் பள்ளம், லிஃப்ட் கதவு, நெளிந்த தண்ணீர்க் குவளை, ஸ்ட்ரெச்சரோடு மூச்சு வாங்கி நிற்கிற நான். வாய் பிளந்து தூங்குகிற அக்காவைக்கூட எடுத்து வைத்திருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பத்திரகாளி ஆனாள். "இப்பவே அழிங்க!"

"அழிக்க முடியாதே! இந்த சிடியில எழுதினா எழுதினதுதான்" என்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

சிடியை வெளியே எடுக்கப் போகும்போதெல்லாம் கேமரா ஒரு கேள்வி கேட்கும். சிடியில் எழுதியதை மூடி முடித்துவிடட்டுமா என்று. அப்படி முடித்தால் சிடியில் கொஞ்சம் இடம் போய்விடும் என்று புத்தகத்தில் படித்த நாளிலிருந்து, அத்தானின் பதில் 'வேண்டாம்'தான். இடம் வீணாவதா? அவருக்கா? வீட்டில் ஒயரை மாட்டி டிவியில் பார்த்துக்கொண்டோம். "எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடும் சார்" என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். முதல் பிரசவம். ரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகி, ஒருவழியாகக் காப்பாற்றினார்கள். பையனுக்கு மூச்சுத் திணறல். அவனை உடனே ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மாற்றவேண்டும். டீச்சர் மயக்கத்தில் கிடந்தார். அவர் கணவருக்கு வெளிநாட்டில் வேலை. விமானம் பிடித்து வந்துகொண்டிருந்தார்.

பையனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனது நாங்கள்தான். வழக்கம்போல அத்தான் வார்டிலேயே கிர்ர்ர் என்று ஆரம்பித்துவிட்டார். "நேரங்காலம் கிடையாதாய்யா உனக்கு?" என்று பெரிய சிஸ்டர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அத்தான் காதில் விழுந்தால்தானே.

டீச்சருக்கு நினைவு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை எங்க?" நல்லா இருக்கான் என்றார்கள். அடுத்த ஆளிடம் கேட்டார். நல்லா இருக்கான். டாக்டரிடம் கேட்டார். நல்லா இருக்கான். எல்லோரும் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னதில் அவருக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.

பெரிய சிஸ்டரே இறங்கி வந்து அத்தானைக் கூப்பிட்டார். "அந்த டப்பாவத் தூக்கிட்டுத் திரியறியே, உருப்படியா ஒண்ணு செய். பையன எடுத்துட்டு வா. பாத்தாத்தான் அந்தப் பொண்ணு தேறும்."

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அவரை மதித்து ஒருத்தர் படம் எடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை! மறுநாள் காலையிலேயே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே அனுமதி வாங்கி, பையனை எடுத்தார். சத்தத்தோடு கொஞ்ச நேரம் ஓடுகிற குட்டி வீடியோவும் எடுத்தார். திரும்பி வந்து வாசலில் நிற்கும்போதே அடுத்த அழைப்பு வந்துவிட்டது. சிடியை மட்டும் எடுத்துப் பெரிய சிஸ்டர் கையில் திணித்தார். "கம்ப்யூட்டர்ல போடுங்க, ஜம்முனு தெரியும்!" கேமரா வண்டியிலேயே கிடந்தது. நாங்கள் பறந்தோம்.

பிறகு நடந்ததை, அந்த நோயாளியைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட நேரத்தில், வண்டி போனில் பெரிய சிஸ்டர் சொல்லித்தான் கேட்டோம். டீச்சரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, சுற்றிலும் நர்ஸ்கள் ஆவலாக நிற்க, சிடியைப் போட்டார்களாம். சிடி காலி என்றது கம்ப்யூட்டர். எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார்கள். மறுபடியும் காலி.

டீச்சர் அழவில்லையாம். "இல்லைன்னு நேராவே சொல்லியிருக்கலாமே சிஸ்டர். எதுக்கு இந்த வெறும் சிடி?" என்றாராம். படுக்கைக்குத் திரும்பியதும் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்து ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மாத்திரை வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இப்படியே போனால் வலிப்பு வந்துவிடும் என்று டாக்டர் பயப்படுகிறாராம்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "காலியா? பாதிக்கு மேல ரொம்பின சிடி அது!" என்று கத்தினார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, மூடலடா! மூடினாத்தான் மத்த மெஷினுக்குத் தெரியும்னு புத்தகத்துல போட்டிருந்தான். நான்தான் இடம் போயிடுமேன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இடமா? கொஞ்சூண்டு இடத்துக்காகப் பெத்தவள உயிரோட கொல்றீங்களே அத்தான்!"  அவர் உடனே வண்டியைத் திருப்பினார்.

கேமராவைத் திறந்து பார்த்தேன். பேட்டரி சிவப்பில் மினுக்கிக்கொண்டிருந்தது. சார்ஜர் வீட்டில். வண்டியில் நோயாளி இல்லாததால் சைரன் போடக்கூடாது. சிக்னலில் எங்களுக்கு முன்னால் ஒரு மணல் லாரி, பக்கத்தில் பள்ளிக்கூட வேன். அக்காவுக்குப் போன் போட்டேன். "சார்ஜர எடுத்துக்கிட்டுத் தெருமுனைக்கு ஓடி வா. காரணம் கேக்காத."

காரணம் கேட்காமல் இருக்க அவள் என்ன வேறு ஆளா? தெருமுனையில் சோப்பு நுரை காயாத கையோடு நின்றாள். மெஷின் வராத வீட்டில் அவள்தானே துவைக்கிறாள். சார்ஜரைக் கொடுத்துவிட்டுப் போவாள் என்று பார்த்தால், பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். போகிற வழியில் விஷயத்தைச் சொன்னேன். வாயில் வந்ததையெல்லாம் வைத்து அத்தானைத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "சீக்கிரம் ஓட்டுங்களேன்!" என்றாள்.

வார்டுக்குள் மூன்று பேரும் மூச்சிரைக்க நுழைந்தோம். டீச்சர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி அத்தான் கட்டிலோரம் போய் நின்றார்.

"டீச்சர், தப்பு என்மேல. சிடி காலி இல்ல. நான்தான் சரியா முடிக்கல."

 சார்ஜர் ஒயரைச் சுவர் பிளக்கில் மாட்டி, பெரிய சிஸ்டரிடம் சிடியை வாங்கிக் கேமராவுக்குள் போட்டு, அதன் குட்டித் திரையை டீச்சர் கண்ணுக்கு நேராக நீட்டினார். பையன் தெரிந்தான். மூக்கில் குழாய், தலையில் குல்லா. டீச்சர் பார்த்தார்.

"இது எந்தக் குழந்தையோ. எனக்கு எப்படிண்ணா தெரியும்? நான் பாத்ததே இல்லையே."

பெரிய சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத பிள்ளையை என்ன சொல்லி நிரூபிப்பது? 

அத்தான் மட்டும் திடீரென்று நிமிர்ந்தார். "நீங்க கணக்கு டீச்சர்தானே? விடைய மட்டும் காட்டினா மார்க் போடமாட்டீங்க இல்ல? ஒவ்வொரு படியா காட்டறேன். பெரிய திரையில பாருங்க."

கேமரா கேட்ட கேள்விக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக 'சரி' என்று அமுக்கினார். கிர்ர்ர். சிடி மூட ஆரம்பித்தது. நடுவில் கரண்ட் போனாலோ கேமரா ஆடினாலோ எல்லாப் படமும் போச்சு. "யாரும் ஆடாதீங்க!" வார்டே சிலையானது. அந்த நேரம் பார்த்து, தரை துடைக்கிற மெஷினோடு வந்த ஆள், தன் ஒயரைச் சொருகுவதற்காக எங்கள் பிளக்கில் கை வைத்தான். பெரிய சிஸ்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கிர்ர்ர் நின்றது.

டீச்சரை மறுபடி சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுவந்து சிடியைப் போட்டோம். தெரிந்தது! வரிசையாக, ஒன்றுவிடாமல் தெரிந்தது! அத்தான் குதித்தே விட்டார்.

முதல் படம், வாய் பிளந்து தூங்குகிற அக்கா. முழுத் திரைக்கும்.

"ஐயய்யோ!" என்று அக்கா ஓடிப்போய்த் திரையைக் கையால் மறைத்தாள். மறைக்க மறைக்க விரலிடுக்கில் வாய்தான் தெரிந்தது. ஒரு நர்ஸ் பொங்கிச் சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சரின் உதட்டிலும் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. நான் பார்த்தேன்.

அடுத்து ரோட்டுப் பள்ளம். அடுத்து லிஃப்ட். அடுத்து இதே வார்டு. இதே பெரிய சிஸ்டர் கையில் நீலத் துணி சுற்றின குழந்தை. அத்தானை முறைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த படத்தில் டீச்சரே இருந்தார்.

கண் மூடிக் கிடக்கிறார். நீலத் துணியோடு அந்தப் பையனைச் சிஸ்டர் அவர் கன்னத்தோடு கன்னம் சேர்த்துப் பிடித்திருக்கிறார். பையனின் கை அம்மாவின் மூக்கின்மேல் கிடக்கிறது. குட்டிக் காலில் கட்டின அட்டையில் டீச்சரின் பெயர்.

"கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உங்ககிட்ட வச்சேன்மா. உங்களுக்கு நினைவில்ல" என்றார் பெரிய சிஸ்டர். 

டீச்சர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அடுத்தது" என்றார்.

கண்ணாடிப் பெட்டி. வண்டி. வண்டிக்குள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான். குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசல். அங்கே பெட்டிக்குள் அதே அட்டை, அதே கால். இன்று காலைத் தேதி. டீச்சர் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லிச் சரிபார்த்தார். ஒரு படி விடவில்லை. எதைப் பார்த்தாலும் எடுத்துத் தள்ளுகிற ஒரு கிறுக்கர் எங்களுக்குக் கிடைத்ததற்காக, அந்த ஒரு நாள் மட்டும் நான் அவரை மனசாரக் கும்பிட்டேன்.

கடைசியில் வீடியோ. பையன் முகத்தைச் சுளித்தான், காலை உதைத்தான், தும்மினான். அப்புறம் வீல் என்று ஓர் அழுகை.

"என் பையன்" என்றார் டீச்சர். பெரிதாக அழுதார். அழுதுகொண்டே ஊசிக்குக் கையை நீட்டினார். "இன்னும் படம் எடுக்க முடியுமாண்ணா? அதுல இடம் இருக்கா?"

அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நெறைய இருக்கு டீச்சர். இன்னும் நெறைய இடம் இருக்கு."

அதிலிருந்து தினமும் படம் போனது. தினமும் சிடியை மூடினார். இடம் கரைவதைப் பற்றி மூச்சு விடவில்லை. மூக்குக் குழாய் போன படம், அப்பா வந்து விரலை நீட்டின படம் எல்லாம் அதில் ஏறின. கடைசியில் பையனும் அம்மாவும் சேர்ந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று, வாசலில் அவர்களை நிறுத்தி ஒரு படம் எடுத்து, சிடியை மூடி, உறையில் போட்டு டீச்சர் கையில் கொடுத்தார்.

பக்கத்தில் நின்ற அக்கா பதறினாள். "ஐயோ, அதுல என் படம் இருக்கே! வேற சிடியில மாத்திக் குடுங்க!"

"அப்படியே இருக்கட்டும்க்கா" என்றார் டீச்சர், பையனைத் தோளில் சாய்த்தபடி. "அன்னைக்கு அத பாத்தப்பதான் எனக்குச் சிரிப்பே வந்துச்சு. பெத்த பிறகு நான் சிரிச்ச மொதல் சிரிப்பு அது. இவன் பெரியவனானதும் மொதல்ல உங்களத்தான் காட்டுவேன்."