சுரண்டி எடுத்த படகு

பர்ஃபீரி அந்த்ரேயிச் வரைந்த கடல்கள் பீட்டர்ஸ்பர்கில் பெரிய மனிதர்களின் வீடுகளில் தொங்குகின்றன என்று கேள்வி. நான் போய்ப் பார்த்ததில்லை. வாசலைத் திறந்தால் வெள்ளைக் கடல் கிடக்கும்போது, கடலைப் பார்க்க நான் எதற்குப் பீட்டர்ஸ்பர்க் போக வேண்டும்? அவர் வரைந்ததில் நல்ல படம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். முழங்கை நீளம்கூட இல்லாத சின்ன அட்டை. அது எங்கள் ஊரில், லீப்பா என்கிற பெண்ணின் வீட்டில் இருக்கிறது.

கடலை வரைந்தே வாழ்ந்தவர், பிறந்தது என்னவோ தம்போவ் பக்கத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவில். மீசை முளைத்த பிறகுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாராம். ஓவியக் கல்லூரியில் மனித உருவம் வரையச் சொன்னபோது, "இது ஆளா, அடுக்கி வைத்த விறகா?" என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றோடு மனிதர்களை விட்டுவிட்டு மரம், மேகம், தண்ணீர் என்று ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் தண்ணீர் மட்டுமே மிஞ்சியது. ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகத் தேடி எங்களிடம் வந்து சேர்ந்தீர்களா என்று நான் கேலி செய்வேன். அவர் மறுத்ததே இல்லை.

பனிக்கட்டி உடைந்ததும் வருகிற முதல் கப்பலில் வந்து, இலையுதிர் காலத்துக் கடைசிக் கப்பலில் போவார். எங்கள் வீட்டில்தான் தங்கல். நாங்கள் பழைய நெறிக்காரர்கள், முன்னோர் காலத்து வழிபாட்டை விடாதவர்கள். வெளியாருக்கென்று ஒரு கிண்ணம், ஒரு கரண்டி தனியாக வைத்திருப்போம். வீட்டுப் பாத்திரத்தை அவர்கள் தொடக் கூடாது. அந்தக் கிண்ணத்தில்தான் அவருக்கும் சோறு. புகையிலை பிடிப்பவர் என்பதால் வாசலுக்கு வெளியேதான் குழாயைப் பற்ற வைக்க விடுவேன். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாத மனிதர். தினமும் ரொட்டி கொடுக்கிற என் பெயரையே முதல் கோடை முழுக்க மாற்றி மாற்றிச் சொன்னார்.

விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறிவிடுவார். ஈர வண்ணத்தில் கொசு வந்து ஒட்டினால் கத்தி முனையால் எடுத்து எறிவார். அதே கத்தியால் படகுகளையும் எடுத்து எறிவார். தூரத்தை அளப்பதற்காகத் தண்ணீரில் ஒரு படகை வைப்பார், சாயங்காலம் அதைச் சுரண்டி அந்த இடத்தில் அலையைப் பூசிவிடுவார். என் வீட்டுக்காரருக்கு இது பொறுக்காது. "படகும் இல்ல, மீனும் இல்ல, அப்புறம் இந்தக் கடல் யாருக்கு?" என்று கேட்பார். படகு இருந்தால் பார்க்கிறவன் கண் அதிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு கடலை யார் பார்ப்பது என்பார் அந்த்ரேயிச்.

ஒரு வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு காலை, இரண்டு மூன்று நாள் தங்கி சால்மன் வலைகளைப் பார்க்க லீப்பாவின் புருஷன் சவ்வாத்தி படகை எடுத்தான். சுக்கான் அவன் கையில். துடுப்புப் போட பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர். முந்தின நாள் வீட்டில் சண்டை. மாமியார் மலான்யாவோடு ஒரே அடுப்பில் காலம் தள்ள முடியாது, தனி வீடு கட்டு என்றாள் லீப்பா. பெற்றவளை விட்டு வர முடியாது என்றான் அவன். மறுநாள் அவள் எழுந்திருக்கவே இல்லை. புருஷனை வழியனுப்பக் கரைக்கு வராத ஒரே பெண்டாட்டி அன்றைக்கு அவள்தான்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. அவனுக்காகச் சுட்டு வைத்திருந்த மீன் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினாள். அதற்குள் படகு நகர்ந்துவிட்டது. கரையோரம் முழுக்க மூடுபனி, கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவள் பனிக்குள் பார்த்து, "சவ்வாத்தி!" என்று கூப்பிட்டாள்.

எங்கள் ஊரில் அதைச் செய்யவே கூடாது. படகு கரையை விட்ட பிறகு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்ட குரலுக்கு ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டால் கடல் அவனைத் திருப்பித் தராது. வழியனுப்ப வந்து நின்ற பெண்கள் எல்லோர் காதிலும் அவள் குரல் விழுந்தது. படகைத்தான் யாராலும் பார்க்க முடியவில்லை.

குன்றின் மேல் பனி இல்லை. அன்று சாயங்காலம் அந்த்ரேயிச் எரிச்சலோடு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"அந்த சுக்கான்காரன் என் நாளையே கெடுத்துட்டான் உஸ்தீன்யா. துடுப்புப் போடற ரெண்டு பேர் மொகமும் கரையப் பாத்து வெளிச்சமா இருந்துச்சு. அவன் முதுகு மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்புதான் எனக்கு வேணும். நான் வைக்கற நேரம் பாத்து அவன் திரும்பி, தொப்பியைத் தூக்கி ஆட்டறான். மூணும் வெளிச்சமாப் போச்சு. வந்த கோபத்துல படகையே சுரண்டிட்டேன்."

கரையில் நடந்தது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அவர் சொன்னதைப் பற்றி நான் வெளியே மூச்சு விடவில்லை.

மறுநாள் காற்று திரும்பியது. இரண்டு நாள் வீட்டுக் கூரைகளைப் பிடுங்காத குறை. அது அடங்கிய பிறகு படகு மணல்திட்டில் கவிழ்ந்து கிடந்தது. மூன்று பேரின் உடலும் கிடைக்கவில்லை.

பழி முழுக்க லீப்பாவின் தலையில் விழுந்தது. யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. வலை பின்னும் இடத்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் எழுந்து போனாள், அவ்வளவுதான். உடல் கிடைக்காதவர்களுக்குக் கரையில் நடுகிற சிலுவையை அவள் தொடக் கூடாது என்று மலான்யா சொல்லிவிட்டாள். அன்று சாப்பாட்டுக்கு அவள் முன்னால் வெளியாரின் கிண்ணத்தை வைத்தாள். சொந்த வீட்டில், புருஷன் செத்த வாரத்தில், புகையிலைக்காரனுக்கு வைக்கிற கிண்ணம். மலான்யா என் தூரத்து உறவு. ஆனாலும் அன்றைக்கு அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

குன்றில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. ஊரே எங்கள் முற்றத்தில் கூடியது. மலான்யா முன்னால் நின்றாள். லீப்பா வேலியோரம் ஒதுங்கி நின்றாள். அந்த்ரேயிச் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். படகு இருந்த இடத்தில் சுரண்டிய தழும்பு மட்டும்தான் இருந்தது.

"அட்டை கெடக்கட்டும்," என்றாள் மலான்யா. "நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க? எம்புள்ள திரும்புனானா, இல்லையா?"

அவர் வேலியோரம் நின்றவளைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் ஊர்க்காரி ஒருத்தியை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"திரும்பல," என்றார். "கடைசி வரைக்கும் முதுகுதான் தெரிஞ்சுது."

பால் வாளியைப் பிடித்தபடி நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மலான்யா வேலியோரம் போனாள். பிறகு லீப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். அன்றே அந்தக் கிண்ணம் மேல் தட்டுக்கு ஏறியது. சிலுவை நடும்போது லீப்பாவும் கை கொடுத்தாள். ஒரு பொய்யில் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே மீட்டுவிட்டார் என்று எனக்குப் பெருமை. அந்த்ரேயிச்சுக்கு அன்று வெண்ணெய் கூடுதலாகவே போட்டேன்.

பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. லீப்பா சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். மீன் ரொட்டி அதே துணியில் பூஞ்சை பிடித்து மாடத்தில் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவரு காதுல விழவே இல்லையாக்கா? இல்ல, விழுந்தும் திரும்பாம போயிட்டாரா? அவ்வளவு கோபமா எம்மேல?"

நான் நேராக வீட்டுக்கு வந்து, வாசலில் புகைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் நின்றேன். ஊர்ப் பழியை எடுத்தீர்கள், அதோடு சேர்த்து, அவள் குரலுக்கு அவன் திரும்பினான் என்று அவளிடம் மிச்சமிருக்க வேண்டிய ஒன்றையும் எடுத்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன். குழாய் அணைந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"உண்மையச் சொல்லிடட்டுமா?" என்றார்.

"சொன்னா அவ நம்பணுமே. தான் அழறதப் பாத்துட்டு ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நெனைப்பா. நீங்க கண்ணால பாத்தீங்கல்ல? பாத்தத அட்டையில வைங்க."

அதே அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி குன்றேறினார். ஒரு காலைக்குள் கடலையே வரைந்து முடிக்கிற மனிதர், அரிசி அளவு புள்ளி மூன்றை வைக்க முடியாமல் தவித்தார். வைப்பார், சுரண்டுவார். தலையா, விறகா என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். விறகு என்றால் அட்டையோடு திரும்பிப் போவார். கடைசிக் கப்பல் வருகிற அன்று காலையில் காட்டினார். மூடுபனிக்கு அப்பால் ஒரு படகு. மூன்று வெளிச்சப் புள்ளிகள். மூன்றாவதன் மேல், தூக்கிய தொப்பி. விறகு இல்லை, தலைதான் என்றேன்.

மலான்யா ஆற்றங்கரைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவரை லீப்பாவிடம் கூட்டிப்போனேன். அவர் படத்தைக் கொடுத்துவிட்டு, ஊரார் முன்னால் சொன்னது பொய், இதுதான் நான் பார்த்தது என்றார். படகைச் சுரண்டியதையும் மறைக்கவில்லை. அவள் கடற்கரைக்காரி, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புள்ளிகளைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். ஒரு சத்தமும் இல்லாமல் அழுதாள். அன்று நான் கொண்டுபோன சூப்பைக் குடித்தாள். படத்தை சவ்வாத்தியின் ஆட்டுத்தோல் கோட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்த மாதிரி திருப்பி மாட்டினாள். மாமியார் கண்ணில் பட்டால் வெளியாரின் கிண்ணம் மறுபடி கீழே இறங்கும். இந்த முறை இறங்கினால் ஏறவே ஏறாது.

குளிர்காலம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். வசந்தத்தில் வருகிற உயிர்ப்புப் பெருநாளுக்கு முன்னால் எல்லா வீட்டிலும் சுவர் கழுவுவோம். அன்று புளித்த மாவு வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மலான்யா கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அட்டை இன்னொரு கையில். லீப்பா துடைக்கிற துணியோடு அசையாமல் நின்றாள், முகத்தில் ஈயாடவில்லை.

கிழவி அட்டையைத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஈர விரலை முதல் புள்ளிக்கு நேரே நீட்டினாள், அப்புறம் இரண்டாவதற்கு. மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தொப்பியத் தூக்கியிருக்கான்," என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா," என்றாள் லீப்பா.

"நீ கூப்பிட்டதுக்கா?"

"ஆமா."

மலான்யா பெஞ்சில் உட்கார்ந்தாள். மாவுப் பானையை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று எனக்கு. அவள் அழவில்லை. கொஞ்சம் பொறுத்து மருமகளை நிமிர்ந்து பார்த்து அதட்டினாள்.

"எம்புள்ள மொகத்தப் போயி சுவத்துக்கு காட்டி வெச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா? ஆணி எடுத்துட்டு வா."

கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அவளே அடித்து மாட்டினாள். கடைசி நேரத்தில் நொந்துபோகாமல் போனானே, அது போதும் எனக்கு என்று சுவரைப் பார்த்தே சொன்னாள். அப்புறம் ஊருக்குள் யாராவது அந்தப் பழைய பேச்சை எடுத்தால் வாயடைக்க வைக்கிற முதல் ஆள் மலான்யாதான்.

கோடையில் முதல் கப்பலில் வந்த அந்த்ரேயிச்சிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மலான்யா கூப்பிடுகிறாள் என்று மட்டும் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராகத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் அவரைப் படத்துக்கு எதிரே உட்கார வைத்தாள். மேல் தட்டின் பக்கம் போகவே இல்லை. வீட்டார் சாப்பிடுகிற கிண்ணத்தில் மீன் சூப்பை ஊற்றி, மரக்கரண்டி ஒன்றை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்து நீட்டினாள். அதன் காம்பில் சவ்வாத்தி கத்தியால் கீறிய அடையாளம் இருந்தது.

"கண்ணும் வைக்கல, மூக்கும் வைக்கல நீ," என்றாள். "இருந்தாலும் அவன்தான். சாப்பிடு."

அவரால் கரண்டியை உடனே வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. சூப் ஆறுகிறது என்று அவள் இன்னொரு முறை அதட்டினாள்.