என் மேல்படிப்புக்குக் கவுளி கேட்ட கதை

பி.எஸ்ஸி. முடித்த மகளை எம்.எஸ்ஸி.க்கு அனுப்பலாமா என்று பல்லியிடம் போய்க் கேட்ட குடும்பம் எங்களுடையது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. நான் படித்ததே விலங்கியல். தவளையையும் ஓணானையும் அறுத்துப் பார்த்துப் பட்டம் வாங்கியவளின் தலைவிதியை ஒரு சுவர்ப்பல்லி சொல்ல வேண்டும் என்பதில் என் வீட்டில் ஒருவருக்கும் எந்த உறுத்தலும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருச்சுழிப் பக்கம், மழை பெய்தால் பருத்தியும் மல்லியும் போட்டு, பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு நிலம் நிறைய, ஆண்பிள்ளை இல்லை. நான் ஒருத்திதான். பங்காளி வீட்டுப் பையன் காலேஜில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்ட ஆத்திரத்தில்தான் என்னையும் அருப்புக்கோட்டைக்குப் படிக்க அனுப்பினார். மகள் படிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. பங்காளிக்கு வயிறு எரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையன் பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டு மாட்டுத் தரகுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகும் அப்பா என்னை நிறுத்தவில்லை. ஏனென்றால் நான் பஸ் ஏறுவதற்குப் பங்காளி வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

விலங்கியலை நானாக எடுக்கவில்லை. கணக்கில் இடம் இல்லை என்றார்கள், இதில் இருந்தது. ஆனால் முதல் வருடமே எனக்கு அது பிடித்துப்போயிற்று. முதன்முதலாக ஓணானின் நெஞ்சைத் திறந்த அன்று அதன் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைப் பெண் மயங்கி விழுந்தாள். எல்லோரும் அவளுக்குத் தண்ணீர் தெளிக்க ஓடினார்கள். நான் மட்டும் குனிந்து அந்த இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நிற்கும்வரை.

இந்தச் செய்தி ஊருக்குள் எப்படித்தான் வந்ததோ, எனக்கு 'ஓணானறுத்தவ' என்று பேர் வைத்துவிட்டார்கள். கோழி அடிக்கிற வீட்டிலிருந்தெல்லாம் நக்கலாகக் கூப்பிடுவார்கள், படித்த கை வந்து அறுத்தால் கறி மெத்தென்று இருக்குமாம். ஊராரையாவது பொறுத்துக்கொள்ளலாம். அம்மா என்னைக் கொல்லையில் குளிக்க வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் விடுவாள். எழவு வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்குக்கூட அன்றைக்கு ஒரு முழுக்கு போதும். எனக்கு மார்கழியிலும் தினம் ஒரு முழுக்கு. எனக்கென்று தனித் தட்டு, தனிச் செம்பு. என்னைப் பெற்றதற்கு ஒரு அம்மிக்குழவியைப் பெற்றிருந்தால் துவையலாவது அரைத்திருக்கலாம் என்பாள். அதுவும் நான் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துச் சொல்லுவாள்.

கடைசி வருடம் பரீட்சைக்கு முன்னால் எங்கள் துறைத் தலைவி எங்களை உட்கார வைத்து, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று பேசினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சுற்றி வளைக்கத் தெரியாது. பி.எட். முடித்தால் பள்ளிக்கூட வேலை நிச்சயம் என்றார். ஆஸ்பத்திரி லேப் பயிற்சிக்குப் போனால் ஆயுசுக்கும் அடுத்தவர் சளியும் மலமும்தான். பாங்க் பரீட்சை எழுதினால் இதுவரை படித்ததை எல்லாம் நிம்மதியாக மறந்துவிடலாம். மருந்துக் கம்பெனிக்காரன் பெண்களை எடுக்க மாட்டான். எம்.எஸ்ஸி. படித்தால் காலேஜ் வேலையும் உண்டு, மண்டபம் பக்கம் கடல் ஆராய்ச்சிக்கும் போகலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, அது உனக்குத்தான், மற்றதுகளுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குக் கிறுக்கு. காலேஜ் அலமாரியில் கடல்குதிரையும் கடல் அட்டையும் பாட்டிலுக்குள் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருக்கும். அவற்றை உயிரோடு பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளமும் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். கண்மாய் நிறைந்தே ஆண்டுக்கணக்காகிப்போன ஊரில் பிறந்தவளுக்குக் கடல் கேட்டது. மதுரையில் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்தேன். இடமும் கிடைத்தது.

அதோடு வீட்டில் ஆரம்பித்தது. மல்லாங்கிணற்றில் உரக்கடை வைத்திருந்த என் தாய்மாமன் மறுநாளே பஸ் ஏறி வந்தார். அம்மாவின் தம்பி. அவருடைய மகன்தான் எனக்கு முறைமாப்பிள்ளை. எஸ்.எஸ்.எல்.சி.யை எத்தனை தடவை எழுதினான் என்பதை அவனே மறந்திருந்தான். மாமா வந்ததும் வராததுமாக அப்பாவிடம் கணக்கைப் போட்டுக் காட்டினார். "டீச்சர் மருமக வந்தா சம்பளம் வரும் மச்சான். எம்.எஸ்ஸி. மருமக வந்தா திமிருதான் வரும்." என்னை அங்கே வைத்துக்கொண்டே, மாட்டுக்குப் பல் பார்க்கிறவர் மாதிரி பேசினார். பி.எட். ஒரு வருடம், உடனே வேலை, உடனே கல்யாணம். நிலமும் வெளியே போகாது. அம்மா தம்பிக்குக் கறி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா முழிக்க ஆரம்பித்தார். மகள் மதுரையில் ஆஸ்டலில் இருக்கிறாள் என்று பங்காளியிடம் சொல்கிற சுகம் ஒரு பக்கம் இழுத்தது. கொடுக்கல் வாங்கல் உறவு இன்னொரு பக்கம் இழுத்தது. இப்படி முழிக்கிற நேரங்களில் எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். குலசாமி கோயிலில் கவுளி கேட்டுவிடுவோம் என்றார்.

கவுளி என்றால் பல்லிச் சத்தம். நிலம் வாங்க, பெண் எடுக்க, கிணறு வெட்ட, எல்லாவற்றுக்கும் எங்கள் வகையறாவில் அதுதான் கடைசி வார்த்தை. கேள்வியைச் சாமியிடம் சொல்லிவிட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வடக்குச் சுவரில் பல்லி சொன்னால் சாமிக்குச் சம்மதம். தெற்கிலோ, முதுகுக்குப் பின்னாலோ சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். முதலில் கேட்ட சத்தம்தான் செல்லும். அதற்கு மேல் ஊரே திரண்டு வந்தாலும் பேச்சு இல்லை.

நான் குதித்தேன். "ஊருக்கெல்லாம் பலன் சொல்ற பல்லி கழனிப்பானையில துள்ளி விழுமாம். அதுகிட்டயா எம் படிப்பக் கேக்கப் போறீக?" என்றேன். அப்பா கோபப்படக்கூட இல்லை. கழனிப்பானைப் பல்லியிடம் தான் கேட்கப் போவதில்லை என்றும், கேட்கப் போவது கோயில் பல்லியிடம் என்றும் விளக்கம் சொன்னார்.

சரி, பல்லிதானே என்று நானும் இறங்கி வந்தேன். எனக்குத் தெரியாத பல்லியா? அந்தக் கோயிலில் வடக்குச் சுவரில் மட்டும்தான் விளக்கு மாடம் உண்டு. விளக்கேற்றினால் பூச்சி வரும், பூச்சி வந்தால் பல்லி வரும், ஒரே இடத்தில் இரண்டு ஆண் பல்லிகள் சேர்ந்தால் சத்தம் வராமல் இருக்காது. பொங்கல் வைக்கப் போகும்போதெல்லாம் அந்த மாடத்தைச் சுற்றித்தான் அவை மொய்த்துக் கிடக்கும். தெற்குச் சுவர் வெறும் சுவர். அதனால் கேட்பதைக் கேளுங்கள், விளக்கேற்றுகிற நேரத்தில் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். பூசாரிக்கும் அது தோதான நேரம்தான். படித்த படிப்பு எனக்கு உதவிய ஒரே இடம் அதுதான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு கிளம்பினேன். எந்தப் பரீட்சைக்கும் நான் அவ்வளவு தைரியமாகப் போனதில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய, நாங்கள் நான்கு பேரும் பூசாரியும் கோயிலுக்குள் உட்கார்ந்தோம். அப்பாவும் மாமாவும் முன்னால். கேட்கிற காரியம் என்னுடையது என்பதால் நானும் அப்பாவுக்குப் பக்கத்தில். அம்மா எனக்கு நேர் பின்னால். பூசாரி மாடத்தில் விளக்கை ஏற்றினார். ஈசல் மாதிரி என்னவோ இரண்டு மூன்று அப்போதே சுற்ற ஆரம்பித்தன. மாடத்துக்கு மேலே ஒரு பல்லியின் தலை எட்டிப் பார்த்தது. இனி கவலை இல்லை என்று நினைத்தேன். அப்பா கும்பிட்டுக்கொண்டு, பிள்ளையை மேல்படிப்புக்கு மதுரைக்கு அனுப்பலாமா, உத்தரவு கொடு என்று சாமியிடம் கேட்டார். எல்லோரும் கண்ணை மூடினோம்.

கொஞ்ச நேரம் அப்பா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் என் முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தது.

மாமாவும் அப்பாவும் பூசாரியும் உடனே விரலால் தரையைத் தட்டினார்கள். நான் தட்டவில்லை. பல்லியின் குரல் காய்ந்த குரல். சுள்ளி ஒடிகிற மாதிரி, ஒரே சீராக வரும். நான் கேட்டதில் எச்சில் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் அது. கண்ணைத் திறந்து திரும்பினேன். அம்மாவின் கண்ணும் திறந்துதான் இருந்தது. உதடு இன்னும் குவிந்தபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிவாள் என்று நினைத்தேன். குனியவில்லை. உன்னால் ஆனதைப் பார் என்பது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாக உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வடக்குச் சுவரில் நிஜப் பல்லி சொன்னது. மாடத்துக்குப் பக்கத்தில், கணீரென்று, நிறுத்தாமல் சொன்னது. பாழாய்ப்போன பல்லி, ஒரு நொடி முன்னால் வாயைத் திறந்திருந்தால் என்ன? அப்பா குழம்பிப்போய்ப் பூசாரியைப் பார்த்தார். மாமா அவரைப் பேச விடவில்லை. "மொதச் சொல்லுதான மச்சான் சொல்லு?" என்றார்.

"அது பல்லி இல்லப்பா. அம்மா," என்றேன்.

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. சாமி முன்னால் வைத்துப் பெற்றவளைப் பல்லி என்கிறாயா, இதற்குத்தான் படிக்க வைத்தேனா என்று கத்தினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பூசாரி அவளைச் சமாதானப்படுத்தினார். மாமா வெளியே போய்ச் செருப்பைத் தேடினார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. இந்த மனிதர்களையா இத்தனை வருடம் எனக்கு வேண்டியவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

பி.எட்.டில் சேர்வதற்காக மாற்றுச் சான்றிதழ் வாங்கக் காலேஜுக்குப் போனபோது துறைத் தலைவி ஏன் மதுரைக்குப் போகவில்லை என்று கேட்டார். பல்லி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். என் வகுப்பிலிருந்து எம்.எஸ்ஸி.க்குப் போனது யார் தெரியுமா? ஓணானைப் பார்த்து மயங்கி விழுந்தவள். அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை தட்டிப்போய்விட்டான், வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அனுப்பினார்களாம். நன்றாகத்தான் படித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளை மனதாரத் திட்டினேன். பாவம், ஏன் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

மாமா போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. பி.எட். முடித்தேன், பாலவனத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, மாமா மகனுக்கே கழுத்தை நீட்டினேன். சம்பளம் மாமா கையில். தினமும் மல்லாங்கிணற்றிலிருந்து பஸ்ஸு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போர்டில் தவளை படம் வரைந்து போட்டேன். எம்.எஸ்ஸி. என்ற பேச்சை எடுத்தால் என் வீட்டுக்காரர் வாயாலேயே பல்லிச் சத்தம் போட்டுக் காட்டுவார். அதை ஒரு வேடிக்கையாகவே அந்த வீட்டில் வைத்திருந்தார்கள்.

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். அப்பா காட்டுக்குப் போயிருந்தார். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"ஏம்மா அப்பிடிச் செஞ்ச?"

என்னது என்று அவள் கேட்கவில்லை. இல்லை என்று மறுக்கவும் இல்லை. கை நிற்காமல் கிள்ளிக்கொண்டே இருந்தது.

"என்னைய உங்கப்பனுக்கு ரெண்டாந்தாரமாக் குடுக்கலாமான்னு கவுளி கேட்டப்ப, வடக்குச் சொவரோரமா உக்காந்திருந்தது உங்க அம்மாச்சி. அவ வாய் அசைஞ்சத நான் பாத்தேன். எவகிட்டயாச்சும் சொன்னேனா? பொத்திக்கிட்டு வந்து உங்கப்பனுக்கு ஆக்கிப் போடல?"

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கே நீ சொல்லியிருக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவள் கையை நிறுத்திவிட்டு, கோயிலில் பார்த்த அதே பார்வையாக என்னைப் பார்த்தாள்.

"நீதான் சொன்னியே. என்ன நடந்துச்சு?"

முறத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து, அடுத்த பஸ்ஸுக்கே மல்லாங்கிணற்றுக்குக் கிளம்பினேன். பிரசவத்துக்குக்கூட அவளிடம் போகவில்லை. அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் அவள் சாகும்வரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.