ஓரத்திலிருந்து அளக்காத உத்தரம்

கொரோனா ஓய்ந்து வேலைகள் திரும்பத் தலையெடுத்த சமயம். ஒரு சித்திரை மாத வெயிலில், டி. கல்லுப்பட்டிப் பக்கம் இது நடந்தது, பிள்ளைகளா. பசுமலையில் நான் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு நெல் குடோனுக்குக் கூரை போடப் போயிருந்தோம்.

நீளமான இரும்பு உத்தரம். அதில் வரிசையாக ஓட்டை போட்டு, மேலே தூக்கி, தூண்களின் தலையில் இருக்கும் ஓட்டைகளோடு சேர்த்து போல்ட் பூட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் போட்ட படத்தில் எல்லா அளவும் உத்தரத்தின் இடது ஓரத்திலிருந்தே கிளம்பின. கடைசி ஓட்டைக்கும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

என் கூட்டாளிக்கு அது வீண் அலைச்சலாகத் தெரிந்தது.

"கொதிக்கிற வெயில்ல ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடிக்கு ஓடணுமா மாப்ள? படம் போட்டவரு ஃபேனுக்கு அடியில உக்காந்து போட்டிருப்பாரு. முந்தின ஓட்டையில இருந்து அடுத்ததை அளந்துக்குவோம். கணக்கு ஒண்ணுதான?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது; அப்படியே அளந்து ஓட்டை போட்டோம். கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒன்றுதான். ஆனால் சாக்பீஸ் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. ஓர் ஓட்டையில் மயிரிழை விலகினால், அடுத்தது அந்த விலகலையும் சுமந்துகொண்டு விலகும். ஓரத்திலிருந்து அளந்திருந்தால் ஒன்றின் பிழை இன்னொன்றைத் தொட்டிருக்காது.

மேலே ஏற்றினோம். முதல் தூண்களில் போல்ட் இறங்கியது. போகப் போகச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. கடைசித் தூணில் ஓட்டை பாதிதான் தெரிந்தது, பிறை மாதிரி.

எம்புட்டு விலகியிருக்கிறது என்று தடவிப் பார்க்க, கூட்டாளி அதற்குள் விரலை விட்டான். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். "இருண்ணே, இழுக்காத!" என்று கீழே பார்த்துக் கத்தினான். கீழே ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் சத்தத்தில், உத்தரத்தைத் தூக்கும் செயின் புல்லியைப் பிடித்திருந்த அண்ணனுக்கு 'இழு' என்றதுதான் காதில் விழுந்திருக்கிறது. இழுத்துவிட்டார். உத்தரம் ஒரு அசைவு அசைந்தது. பிறை மூடிக்கொண்டது.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில், நசுங்கிப் போனதை ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வலது கையின் ஆள்காட்டி விரல். கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"கணக்கு சரியாத்தான மாப்ள இருந்துச்சு?"

அவன் அதற்குப் பிறகு டிரில்லைத் தொடவில்லை. இப்போது ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்குக் காவல் இருக்கிறான். நான் மட்டும் ஒவ்வோர் அளவுக்கும் இடது ஓரம் வரை நடக்கிறேன். கால் சலிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் கேட்கிறது.