இங்கிரிட் அம்மாவின் முதல் நிலை

அகிலனுக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். வீட்டில் விவசாயம். அவர் மட்டும் இசைப்பள்ளியில் சேர்ந்து வாய்ப்பாட்டு படித்தார். பெரிய மேடைகளில் பாட ஆசைப்பட்டார். கல்யாண மண்டபங்களுக்கு மேல் போகவில்லை. பிறகு கொடைக்கானலில் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியார் வேலை கிடைத்து மலையேறினார். மாலையில், பழனியில் உள்ள ஓர் இசைக் கல்லூரியின் கிளை வகுப்பைக் கொடைக்கானலிலேயே நாயுடுபுரத்தில் நடத்தினார். வருகிற பிள்ளைகள் ஒன்பதாவதோடு நின்றுவிடுவார்கள். பத்தாவதுக்கு டியூஷன் போக வேண்டும். அதை அவர் குறையாகச் சொன்னதில்லை.

அந்தக் கல்லூரியில் வெளிநாட்டவரும் சேரலாம். கட்டணமும் குறைவு. சுற்றுலா விசாவில் வந்தால் சில மாதங்களில் கிளம்பியாக வேண்டும். சங்கீதம் படிக்கச் சேர்ந்தால் மாணவர் விசாவில் கூடுதலாக இருக்கலாம். அப்படிச் சேர்ந்தவர்தான் இங்கிரிட்.

அவர் ஸ்வீடன்காரர், வயது அறுபதுக்கு மேல். அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்ததால், மூன்று வயதிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும்வரை கொடைக்கானலிலேயே வளர்ந்தவர். பிறகு ஸ்வீடனுக்குப் போய் நர்சாக வேலை பார்த்தார். கணவர் இறந்தபின் திரும்பி வந்தார். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜஹனாரா அவருடைய சிறுவயதுத் தோழி. ஜஹனாராவின் வீட்டு மாடியில் குடியேறினார்.

முதல் வகுப்பில் அகிலன் ஸ ரி க ம பாடிக் காட்டினார். இங்கிரிட் திருப்பிப் பாடினார். ஏழு ஸ்வரமும் ஒரே இடத்தில் நின்றன. மறுபடி பாட வைத்தார். அதேதான். வாரம் முழுக்க அதேதான்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குச் சங்கீதம் வராதுங்க."

"தெரியும் சார். சின்ன வயசுலயே சர்ச் குவயர்ல இருந்து என்னைய எறக்கி விட்டுட்டாங்க."

"அப்புறம் எதுக்குங்க சேர்ந்தீங்க?"

"யோகா படிக்கலாம்னா முட்டி மடங்க மாட்டேங்குது. டான்ஸும் அதே கததான். தமிழ் படிக்க வந்தேன்னு நான் தமிழ்ல சொன்னா விசா ஆபீஸர் நம்புவாரா?" என்று சிரித்தார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "எனக்கு அங்க ஒரு சோலியும் இல்ல சார். இங்கதான் இருக்கணும்."

அகிலனுக்கு உறுத்தலாக இருந்தது. படிக்காத ஆளைப் படிப்பதாகக் காட்ட அவரால் முடியாது. அதை நேராகவே சொன்னார்.

"நெசமாப் படிக்கிறதா இருந்தா வாங்க. பேருக்கு வர்றதா இருந்தா வேண்டாம்மா."

"நெசமாத்தான் படிப்பேன். வருமான்னுதான் தெரியல."

இங்கிரிட் ஒரு வகுப்பும் தவறவில்லை. மேகம் இறங்கித் தெரு மறைந்த நாளிலும் குடையோடு வந்து நின்றார். வீட்டிலும் சாதகம் செய்தார். ஒருநாள் ஜஹனாரா கடை வாசலில் அகிலனை மறித்தார்.

"தம்பி, இவ வெள்ளனே எந்திரிச்சு ஆரம்பிச்சிர்றா. பக்கத்து வீட்டு நாயும் கூடச் சேந்துக்கிருது. அந்தப் பாட்டை வெரசா முடிச்சு விடுங்களேன்."

வருடக் கடைசியில் முதல் நிலைத் தேர்வு. இங்கிரிட் முதல் பாடமான சரளி வரிசையைத் தட்டுத்தடுமாறி முடித்தார். அடுத்த பாடமான ஜண்டை வரிசையில் நின்றுவிட்டார். அந்த வாரம் அகிலனுக்குச் சரியாகத் தூக்கமில்லை. இதே தேர்வில் தேறாத பிள்ளைகளை அவர் பெயிலாக்கியிருக்கிறார். அதே அளவுகோல்தான் என்று முடிவு செய்து பெயில் போட்டார். இங்கிரிட் கேட்டுக்கொண்டு, "சரிதான் சார்," என்றார். தோழியின் விசா போய்விடும் என்ற கோபத்தில் ஜஹனாரா இரண்டு வாரம் அகிலனோடு பேசவில்லை.

விசா நீட்டிப்புக்காக ஓர் அதிகாரி அகிலனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"வகுப்புக்கு ஒழுங்கா வர்றாங்களா?"

"ஒரு நாள்கூடத் தவறுனதில்லைங்க."

"பரீட்சை?"

"பெயில்ங்க."

பிறகு அதிகாரி கேட்டார்: "பெயிலானா என்ன செய்வீங்க?"

"திரும்ப அதே வகுப்புல உக்காரணும்ங்க."

"அப்ப படிப்பு முடியல. அப்படித்தானே?"

"ஆமாங்க. முடியல."

மேலும் ஒரு வருடம் கிடைத்தது.

விஷயம் பஜாரில் பரவியது. விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு இளைஞன் வந்து, பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ள முடியுமா, வகுப்புக்கு வர நேரமில்லை என்றான். அகிலன் மாட்டேன் என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாம் வருடத்தில் இங்கிரிட்டின் ரிஷபம் மெல்ல ஷட்ஜத்தை விட்டு விலகியது. காந்தாரம் பிறகு வந்தது. குரல் இனிமையாக இல்லை; ஆனால் ஸ்வரங்கள் அதனதன் இடத்தில் நின்றன. தேர்வில் முதல் நிலையின் கடைசிப் பாடமான அலங்காரம் முழுவதும் பாடி முடித்தார். அகிலன் தேர்ச்சி என்று சொன்னார்.

இங்கிரிட்டின் முகம் மலரவில்லை. "அப்ப என் படிப்பு முடிஞ்சு போச்சா?"

"இல்லைங்கம்மா. அடுத்து ரெண்டாவது நிலை. கீதம், அப்புறம் வர்ணம்."

"அது எத்தனை வருஷம் சார்?"

அகிலன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "பொதுவா ரெண்டு வருஷம். உங்களுக்குச் சொல்ல முடியாதுங்க."

அதன்பிறகுதான் இங்கிரிட் சிரித்தார். ஜஹனாராவிடம் சொல்ல வேண்டும் என்று பஜார் பக்கம் இறங்கி நடந்தார்.