சீட்டில் எழுதாத பாதி

முதலில் போனது உச்சக் குரல்தான். கோயில் பொதுக்கூட்டத்தில் நன்றியுரை சொல்ல எழுந்தேன். மூன்றாவது வாக்கியத்தில் குரல் கிழிந்தது. தமிழ்ப்பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கத்திய தொண்டை, களைத்திருக்கும் என்று நினைத்தேன். கற்கண்டும் மிளகும் மென்றே நான்கு மாதங்களை வீணாக்கினேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால், கற்கண்டை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜொகூர் பாரு மருத்துவமனையில் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு லாரிங்கோஸ்கோப்பி (குரல்வளையைக் கேமராவால் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பிறகு பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை). முடிவைச் சொன்ன டாக்டர் இளம் மலாய்ப் பெண். என் முகத்தை நேராகப் பார்த்து மலாயில் சொன்னார்.

“பாக்சிக் (மாமா), புற்றுநோய்தான். குரல்வளை முழுவதையும் எடுத்துவிட்டால் பிழைக்கலாம். அதற்குப் பிறகு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் மூச்சு. இந்தக் குரல் இருக்காது.”

“எப்போது?”

“மூன்று வாரத்தில்.”

பக்கத்தில் இருந்த என் மகள் வசந்தி எல்லாவற்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் குரலால் நான் செய்ததை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், சிறுநீரகம் செயலிழந்து என் மனைவி ராஜேஸ்வரி வீட்டில் படுத்திருந்தாள். படுக்கையில் விழும்வரை, வசந்தியோடு ஊரின் தெப்ரா பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் சிறிய கிறிஸ்தவ சபைக்குப் போய்வந்தவள். நான் கோயில் செயலாளர். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. பாஸ்டர் வந்து ஜெபிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். வசந்தி அழைத்தாள். ஒரு மத்தியானம் ஐந்து பேர் வந்தார்கள். வாரநாட்களில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பாஸ்டர், சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். நான் கேட்டைப் பூட்டிவிட்டு, தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அவர்கள் திரும்பிப் போனார்கள். ராஜேஸ்வரி உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். நான்காம் நாள் இறந்தாள்.

அதற்குப் பிறகு நானும் வசந்தியும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு விடியுமுன் கிளம்புகிறவள், என் சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போவாள். விடுமுறை நாளில் தன் தட்டை அறைக்கு எடுத்துக்கொண்டு போவாள்.

குரல் போவதற்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்குத் தெளிவாக இருந்தது அது ஒன்றுதான்.

“ஞாயித்துக்கிழமை நானும் சபைக்கு வரட்டுமா?” என்று கேட்டேன்.

“எதுக்குப்பா? அங்கயும் வந்து சத்தம் போடவா?”

“சத்தம் எங்கம்மா இருக்கு இப்ப?”

“சட்டைய ஒழுங்கா போட்டுட்டு வாங்க” என்றாள்.

நான் இயேசுவிடம் போனேனா, மகளிடம் போனேனா, சாவுக்குப் பயந்து ஓடினேனா? இன்றுவரை பிடிபடவில்லை.

மாடி வாசலில் ஒரு அம்மா ஜெப விண்ணப்பச் சீட்டு கொடுத்தார். கோயிலில் இருபது ஆண்டுகள் அர்ச்சனைச் சீட்டு எழுதிய கை இது. யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பாஸ்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாக மைக்கில் வாசித்தார். என்னுடையது வந்தது.

“தணிகாசலம். பூரட்டாதி நட்சத்திரம். கும்ப ராசி. தொண்டைக் கட்டி குணமாக.”

சபை ஒரு கணம் விழித்தது. பக்கத்தில் களுக்கென்று ஒரு சத்தம். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாஸ்டரும் சிரித்துவிட்டார். “பரவால்ல லா, சார். ராசி பாத்து ஆண்டவர் யாரையும் திருப்பி அனுப்புறதில்ல.”

குத்திச் சொன்னாரா, இயல்பாகச் சொன்னாரா, தெரியாது. நான் எழுந்து நின்றுவிட்டேன். “சீட்டுல பாதிதான் எழுதினேன்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பாஸ்டர் இறங்கி வந்து மைக்கை என் வாயருகே பிடித்தார்.

“என் மனைவிக்கு ஜெபிக்க வந்த உங்கள நான் விரட்டினேன். உங்ககிட்டயும் என் மககிட்டயும் மன்னிப்புக் கேக்கிறேன். என் மனைவிகிட்ட கேக்க எனக்கு வழியில்ல. இயேசுவே, நீங்கதான்...”

அதற்குமேல் வரவில்லை. அங்கே எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. தீர்த்தம் வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் குவித்து நீட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கைகளை யாரும் திருத்தவில்லை. பாஸ்டர் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்து ஜெபித்தார். அவர் கையில் இயந்திர எண்ணெய் வாசனை அடித்தது.

வீடு திரும்பும்போது காரில் வசந்தி பேசினாள். “அன்னிக்கு நீங்க கத்தினது அம்மாவுக்கு நல்லா கேட்டுச்சுப்பா. இன்னிக்குச் சொன்னது கேட்டிருக்குமா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். “எனக்கும் தெரியல” என்றாள்.

அடுத்த ஸ்கேனில் கட்டி அப்படியே இருந்தது. கரைந்திருக்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தவன் நான், வெட்கப்பட்டேன். ஜெபம் பலிக்கவில்லையா? அல்லது சீட்டில் எழுதாத பாதியை இயேசு முதலில் எடுத்துக்கொண்டாரா? படித்த மனம் இரண்டு பக்கமும் வாதாடியது. ‘இயேசுவே, கேட்க எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.’ தினமும் இதைத்தான் சொன்னேன். வேறு ஜெபம் தெரியாது.

அறுவை நாள் காலை, வார்டில் வசந்தி கைப்பேசியை என்முன் நீட்டினாள். “பேசுங்கப்பா. பதிஞ்சு வெச்சுக்கிறேன்.”

“என்னை மன்னிச்சிரும்மா...”

“அது வேணாம். அத அன்னிக்கே சொல்லிட்டீங்க. என் பேரச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுங்க.”

மூன்று முறை முயன்ற பிறகுதான் வந்தது.

லாரின்ஜெக்டமி (குரல்வளையை முழுவதும் அகற்றும் அறுவை) முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கழுத்துத் துளையைத் துணியால் மூடிக்கொள்கிறேன். குளிக்கும்போது அதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று மூக்கு வழியாகப் போகாததால் வாசனை தெரிவதில்லை. குழம்பு கொதிப்பதைக் கண்ணால்தான் அறிகிறேன். நினைவில் தெளிவாக மிஞ்சியிருப்பது பாஸ்டர் கையிலிருந்த அந்த இயந்திர எண்ணெய் வாசனை. கழுத்தில் கருவியை அழுத்திப் பேசினால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கிறது. நோய் மிச்சமில்லை என்கிறார் டாக்டர். அதற்குக் குணம் என்று பெயரா என்று கேட்டால், தலையாட்டத்தான் தெரிகிறது. எதற்கு ஆட்டுகிறேன் என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து ஒரு கிழவர் கரகரத்த குரலில் கூப்பிட்டார்.

“வசந்தி, சாப்பிட வாம்மா.”

யார் அது என்று ஒரு நொடி புரியவில்லை. வசந்தி கைப்பேசியில் பதிந்துவைத்த என் குரல். அவர் இன்னும் அறுவைக்கு முந்திய காலையில் இருக்கிறார். நான் அதற்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். என் கழுத்திலிருந்து காற்று புஸ்ஸென்று வெளியேறியது. எழுந்து போய் மேசையில் இரண்டு தட்டுகளை வைத்தேன்.

வசந்தி குழம்புச் சட்டியோடு வந்தாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போகவில்லை.