தொப்பிக்குள் இருந்த டேக்

பயந்தாங்கொள்ளிகள் பத்துப் பேரைச் சேர்த்துக் கட்டினாலும் காந்தக்காவுக்கு ஈடாகாது. லிஃப்ட் என்றால் பயம். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். எட்டு வருஷமாக வேலை பார்க்கும் கடையின் வாசலைக் கண்டாலும் பயம். அங்கே இரண்டு பக்கமும் ஆளுயரக் கம்பங்கள் நிற்கின்றன. திருட்டைப் பிடிக்க மாட்டிய டேக்கைக் கழற்றாத துணி தாண்டினால் கம்பம் கத்தி ஊரையே கூட்டிவிடும். ஒரு குண்டூசியைக்கூடத் தொடாத மனுஷி, தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அதைத் தாண்டி வீட்டுக்குப் போவாள்.

மூன்று மாடிக் கடை. இளவட்டங்கள் தெருவில் போட்டுத் திரிகிற உடுப்புதான் எல்லாம். ஒரு டி-ஷர்ட்டுக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம். கிழியாத பேண்ட்டைவிடக் கிழிந்த பேண்ட்டுக்கு விலை அதிகம், கேட்டால் அதுதான் ஸ்டைலாம்! பில் போட்ட துணியைக் காந்தத்தில் வைத்து அழுத்தி டேக்கைக் கழற்றுவது அவள் வேலை. பெயரும் அதில் வந்ததுதான். லாரி ஓட்டிய புருஷன் முதுகு ஒடிந்து படுத்த நாளிலிருந்து வீட்டில் நாலு வயிற்றுக்கும் அந்தக் காந்தம்தான் சோறு போட்டது. டேக்கை விட்டுவிட்டு ஏற்கெனவே இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை வாங்கியிருந்தாள். மூன்றாவது முறை என்றால் வீட்டுக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டான்.

அன்று சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் நெரிந்தது. நகக்கண்ணில் கிரீஸ் ஏறிய ஒரு மெக்கானிக், பதினைந்து வயது மகளுக்குக் தொப்பி வைத்துத் தைத்த கறுப்பு ஹூடி ஒன்று எடுத்து வந்தார். ஹூடிக்கு இரண்டு டேக், இடுப்பில் ஒன்று, தொப்பிக்குள் ஒன்று. காந்தக்காவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் இடுப்பு டேக்கைக் கழற்றும் நேரம் பார்த்து மேனேஜரின் ஷூ சத்தம் பின்னால் வந்து நின்றது. அவசரமாக மடித்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மேல்மாடியில் தொப்பிகளை வேடிக்கை பார்த்துவிட்டு அப்பனும் மகளும் வாசலுக்கு வந்தார்கள். கம்பம் கத்தியது. காந்தக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. 'ஐயோ, தொப்பிக்குள்!'

காவலாளி பையைப் பிடுங்கினான். மெக்கானிக் பில்லைக் காட்டினார்.

"யோவ், பில்லு இருந்தா? முதல்ல எடுத்ததை ஒருத்தன் வெளியே கொண்டு போயிடுவான். அதே பில்லை வச்சுக்கிட்டு இன்னொண்ணு உருவிட்டு நீ வருவே. பில்லு போட்டப்புறம் எதுக்குய்யா மேலே போனே?"

"தொப்பி பாக்கத்தான் சார். சத்தியமா சார்."

"பாக்கெட்டைக் காட்டு."

அவர் பாக்கெட்டைத் திருப்பினார். ஒரு ஸ்பேனர், கைக்குட்டை, பஸ் டிக்கெட். சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள், பாவிகள்.

காந்தக்கா நகரவில்லை. சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால்? கேமராவைப் பார்ப்பார்கள், தானாகத் தெரிந்துவிடும், விட்டுவிடுவார்கள். நீ வாயை மூடிக்கொண்டு இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள், மெதுவாக.

"அப்பா... எடுத்தியாப்பா?"

அந்த மனுஷன் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். காவலாளி கத்தியபோதெல்லாம் வராத கண்ணீர் அப்போது வந்தது.

காந்தக்காவுக்குக் கால் எப்படி நகர்ந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றாள்.

"அவரு எடுக்கல. தொப்பி டேக்கை நான்தான் கழட்டாம விட்டுட்டேன். பாப்பா, உங்கப்பா எடுக்கலம்மா. என் தப்பு."

மேனேஜர் வந்தான். கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மூணாவது தடவை அக்கா. டேக்கை எடுத்துக் கொடுத்துட்டு அப்படியே கிளம்புங்க."

கடைசி டேக்கைக் கழற்றினாள். பை கைமாறியது. ஆனால் மெக்கானிக் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். கம்பத்தைப் பார்த்தார். கால் வரவில்லை.

"மறுபடி கத்திடுமாம்மா?"

அந்தப் பயம் காந்தக்காவுக்குத் தெரியாதா! பையை வாங்கிக்கொண்டாள். "நான் முன்னாடி போறேன்ணே. நீங்க பின்னாலேயே வாங்க."

வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். கம்பம் வாயைத் திறக்கவில்லை. அப்பனும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். பெண் அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை போலும்.

நடைபாதையில் நின்றபோதுதான் காந்தக்காவுக்கு உறைத்தது. அவள் மேஜைக்குக் கீழே சாப்பாட்டு டப்பா இருக்கிறது. திரும்பி அந்த வாசலுக்குள் போக வேண்டும். மேனேஜர் முகத்தில் முழிக்க வேண்டும். வீட்டில் என்ன சொல்வது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அழ ஆரம்பித்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"டப்பா... உள்ளே விட்டுட்டேன்."

மெக்கானிக் கம்பங்களை ஒருமுறை பார்த்தார்.

"எந்த மேஜைம்மா?" என்று கேட்டுவிட்டு, மகளின் கையை எடுத்துக் காந்தக்காவின் கையில் கொடுத்து, தனியாக உள்ளே போனார்.