சத்தக் கமிட்டி

டண்டினொங்கில் என் வீடு ஒரு மூலை வீடு. எதிரே பெற்றோல் நிலையம், அதன் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு கோப்பிக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பக்கம் போகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் விடியற்காலையில் அங்கேதான் கூடுவார்கள். கோப்பி குடிப்பார்கள், சத்தமாகச் சிரிப்பார்கள், பிறகு எல்லோரும் ஒன்றாக எஞ்சினை முறுக்குவார்கள். அந்த இரைச்சல் சுவரில் பட்டு நேரே எங்கள் படுக்கையறைக்குள் வரும். குசினியில் அடுக்கி வைத்த கோப்பைகள்கூட நடுங்கும்.

மனைவி நோயில் கிடந்த காலத்தில்தான் அது எனக்கு எதிரியாயிற்று. இராப் பகலாக நோவோடு கிடப்பவளுக்கு விடியப்புறம்தான் கொஞ்சம் கண் அயரும். ஞாயிறென்றால் அதற்கும் வழியில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கவுன்சிலுக்கு, அதாவது இங்கத்தைய நகரசபைக்கு, போன் எடுத்து, எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கெட்ட வார்த்தைகளைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். மறுமுனையில் இருந்த மனுஷன் நான் மூச்சு வாங்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, பதிந்துகொண்டேன், நன்றி என்றான். பதிந்துகொண்டதோடு சரி.

அவள் போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து, வந்த சனம் கலைந்து, மகனும் சிட்னிக்குத் திரும்பிய பிறகுதான் கவுன்சிலுக்கு என் ஞாபகம் வந்தது. ஒரு பெண் பேசினாள். என் பெயரைச் சரியாக உச்சரித்ததில் தமிழ்ப் பிள்ளை என்றும், பேச்சில் தமிழ்நாடு என்றும் விளங்கிவிட்டது.

"அங்கிள், பைக் சத்தம் பத்தி கம்ப்ளெயின்ட் பண்ணியிருந்தீங்க. ரொம்ப லேட்டா கூப்பிடுறோம், சாரி. இப்பவும் தொந்தரவா இருக்கா?"

என்ன சொல்ல? சத்தம் இருந்தது. தொந்தரவுபட ஆள்தான் இல்லை. "யாருக்குப் பிள்ளை தொந்தரவு, இனி விடுங்கோ" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போனை வைத்துவிடுவாள். அந்தக் கிழமை முழுக்க என்னோடு நின்று பேசிய ஒரே ஆள் அவள். கடையில் காசு கட்டும்போது பை வேண்டுமா என்று கேட்பதை நான் பேச்சில் சேர்ப்பதில்லை.

"ஓம் பிள்ளை, இருக்குதுதான்" என்றேன்.

அடுத்த ஞாயிறே சத்தத்தை அளக்கும் கருவியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லி, "தேத்தண்ணி குடிப்பீங்களோ?" என்று கேட்டேன்.

"ஐயோ வேணாம் அங்கிள், இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. குசினிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்தேன். அடி தெரியக் குடித்தாள். எங்கள் ஆட்களிடம் இது இப்படித்தான் நடக்கும். கேட்டவுடன் ஓம் என்றால் அலைகிற பிறவி என்று நினைப்பார்கள். ஆகவே ஒருதரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கேட்டவர் விடாமல் இன்னொருதரம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கேளாமலே கொண்டுவந்து வைக்க வேண்டும். வேண்டாம் என்றவுடன் சரி என்று விட்டுவிடுகிறவனை, மனதில்லாமல் கேட்டவன் என்றுதான் நினைத்துக்கொள்வோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

தெருவில் ஓடுகிற வண்டியின் சத்தத்தில் கவுன்சிலுக்கு அதிகாரம் குறைவு, அது பொலிஸ் பார்க்க வேண்டிய விஷயம் என்று விளக்கினாள். "ஆனா ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேச வைக்கலாம், அங்கிள். பைக் ஓட்டுறவங்க வர்றேன்னு சொல்லிட்டாங்க. நீங்களும் கண்டிப்பா வரணும்."

மாதத்தில் ஒரு வியாழன் பின்னேரம் நூலகத்தின் பின்னறையில் கூட்டம். அதற்கு அவர்கள் வைத்த நீட்டு இங்கிலிஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் சத்தக் கமிட்டி என்று வைத்துக்கொண்டேன்.

முதல் வியாழன் நான் சண்டைக்குத்தான் போனேன். தோல் ஜக்கெட்டுகளைப் பார்த்ததும் ஆட்கள் முரடர் என்று முடிவும் கட்டிவிட்டேன். இருந்து பார்த்தால் எல்லோரும் என் வயதுக்குக் கிட்டக்கிட்ட. ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு மனுஷி ஆஸ்பத்திரி நேர்ஸ். தலைவர் மாதிரி இருந்தவர் குழாய் வேலை செய்கிறவர், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. எங்கள் பக்கத்தில் என்னோடு பக்கத்துத் தெருக்காரர் இரண்டு மூன்று பேர். அவர்களில் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே எல்லா வண்டியையும் தடை செய்ய வேண்டும் என்று மேசையில் அடித்தார்.

தாடிக்காரர் கோபப்படவில்லை. ஆறுதலாக விளக்கம் சொன்னார். கார் ஓட்டுகிறவர்களுக்கு மோட்டார் சைக்கிள் கண்ணில் படுவதே இல்லையாம். பார்க்காமல் திருப்பி அடித்துவிட்டு, காணவில்லையே என்பார்களாம். சத்தம் கேட்டால்தான் பக்கத்தில் ஒரு மனுஷன் வருகிறான் என்று தெரியுமாம். அதற்காகத்தான் சிலபேர் சத்தமான சைலன்சர் பூட்டுகிறார்களாம்.

"அப்படியென்றால் மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு மணியைக் கட்டிக்கொண்டு போங்களேன்" என்று என் இங்கிலிஷில் சொன்னேன். கவுன்சில் பிள்ளை முதலில் சிரித்தாள். பிறகு தாடிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். மேசையில் அடித்தவரும் சிரித்துவிட்டார். நான் ஒன்றைச் சொல்லி நாலு பேர் சிரித்து எவ்வளவோ காலம். வீட்டுக்கு வந்தும் அதை நினைத்து நினைத்துத் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்த கூட்டம் எப்போதென்று கலண்டரைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு எந்த மயக்கமும் இருக்கவில்லை. அமைதி எனக்குத் தேவையில்லை. வீட்டில் அது வேண்டியமட்டும் கிடந்தது. எனக்குத் தேவை அந்த வியாழன் பின்னேரம். சத்தம் குறைந்தால் கமிட்டி கலைந்துவிடும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே அதைக் குறைப்பதற்கு முன்வரிசையில் இருந்து யோசனை சொன்னேன். என்னைப் போல ஒரு விசரனைத் தேடினாலும் கிடைக்காது.

அடுத்த கூட்டத்துக்கு ரோல்ஸ் சுருட்டிப் பொரித்துக்கொண்டு போனேன். மனைவி செய்கிறதைப் பார்த்திருக்கிறேனே தவிர செய்ததில்லை. பாதி எண்ணெயிலேயே வாயைப் பிளந்துவிட்டது. மிச்சத்தைத் தட்டில் வைத்தேன். உறைப்பில் தாடிக்காரரின் முகம் சிவந்து கண்ணீர் வழிந்தது. ஆனாலும் இன்னொன்றை எடுத்தார். நேர்ஸ் மனுஷி எப்படிச் செய்வதென்று கேட்டாள். தெரிந்தவன் மாதிரி நானும் விளக்கினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் பரிசோதனை நடந்தது. உள்ளே இருந்த கதிரைகளையெல்லாம் வெளியே கொண்டுவந்து போட்டேன். பிள்ளை கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வீட்டைக் கடந்து போயின, மெதுவாக, வேகமாக, கியரை ஏற்றி, இறக்கி. தாங்க முடியாவிட்டால் நான் கையை உயர்த்த வேண்டும். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவீட்டுக்குப் பிறகு என் வாசலில் அவ்வளவு சனம் நின்றது அன்றைக்குத்தான். இன்னொருதரம் ஓடிக் காட்டுங்கள், சரியாகக் கேட்கவில்லை என்று நான் இரண்டு மூன்று முறை சொன்னதுண்டு.

கடைசியில் காரணம் பிடிபட்டது. வண்டி ஓடுகிற சத்தம் பெரிதில்லை. அந்தச் சுவரோரம் எல்லோரும் ஒன்றாக முறுக்குவதுதான் வினை. கூடுகிற இடத்தை ரயில் நிலையத்துக் கார் தரிப்பிடத்துக்கு மாற்றுவதென்றும், ஒவ்வொருவராகக் கிளம்புவதென்றும் ஒப்புக்கொண்டார்கள். தாடிக்காரரும் கணக்கு வாத்தியாரும் தங்கள் சத்தமான சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டினார்கள். ஆசையாக வாங்கிப் பூட்டியதாம். ஒரு சொல் முறைப்பாடு சொல்லவில்லை.

அடுத்த வியாழன் பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டாள். "இப்ப உங்க வீட்ல எப்படி இருக்கு, அங்கிள்? நீங்க ஓகே சொன்னா இதை முடிச்சுக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் கேட்கிறது என்றால் போதும், இன்னொரு வியாழன் கிடைக்கும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சைலன்சரைக் கழற்றிய மனுஷன் முன்னால் இருக்கும்போது எப்படிச் சொல்வது? நல்ல அமைதி, மிகவும் நன்றி என்றேன். கைதட்டினார்கள். பிள்ளைக்குக் கண்கூடக் கலங்கியது. அவள் செய்த வேலையில் இப்படி நல்லபடியாக முடிந்தது இதுதான் முதலாவதாம்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் தாடிக்காரர் என் தோளில் கையைப் போட்டார். மலையில் ஒரு பேக்கரி இருக்கிறது, ஞாயிறு காலைச் சாப்பாடு எங்களுக்கு அங்கேதான், என் பின் சீட் சும்மாதான் கிடக்கிறது, உனக்கு ஒரு ஹெல்மெட்டும் இருக்கிறது, வாவேன் என்றார்.

என் மனம் அந்த இடத்திலேயே சீட்டில் ஏறிக் குந்திவிட்டது. வாய் மட்டும் தன் பழக்கத்தைக் காட்டியது. "இல்லை, இல்லை, உங்களுக்கு ஏன் வீண் சிரமம்" என்றேன்.

சொல்லிவிட்டு, அடுத்த முறை கேட்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

"நோ வொறிஸ், மேட்" என்றார். கையைக் குலுக்கினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவரில் என்ன பிழை? வேண்டாம் என்ற மனுஷனைத் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது அவர்கள் ஊரில் மரியாதைக்கேடு. இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தும் இது எனக்குத் தெரியாதா? தெரியும். மகனிடமும் இதே வேலையைத்தான் செய்தேன். சாவீடு முடிந்து புறப்படும்போது, "அப்பா, நீங்களும் எங்களோட சிட்னிக்கு வாங்கோவன்" என்றான். "நான் அங்க வந்து என்ன செய்யிறது?" என்றேன். "ஓகே அப்பா, உங்கட விருப்பம்" என்றான். சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்த பிள்ளை, தகப்பன் சொன்ன சொல்லை அப்படியே நம்பிவிட்டான். கார் திரும்பும்வரை வாசலில் நின்றேன், கண்ணாடியை இறக்கி இன்னொருதரம் கேட்பானென்று.

கமிட்டி கலைந்தது. ஞாயிறுகள் மற்ற நாட்களைப் போலவே ஆகிவிட்டன. கோப்பைகள் ஆடாமல் அசையாமல் இருந்தன. முன்பெல்லாம் அந்த இரைச்சல் வரும்போது இன்றைக்கு ஞாயிறு என்றாவது தெரியும். அவர்கள் எப்போது போகிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வேறு வழியாகப் போகத் தொடங்கிவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன்.

ஒரு கிழமை முழுக்க என்னோடு நானே சண்டை பிடித்தேன். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறதா என்று ஒரு மனம். அவர்தானே முதலில் கேட்டார், வெட்கம் பார்த்துப் பார்த்து என்னத்தைக் கண்டாய் என்று மற்ற மனம். மற்ற மனம் வென்றது. ஞாயிறு வெள்ளென எழும்பிக் குளித்து, தடித்த ஜக்கெட்டைப் போட்டு, சப்பாத்தையும் கட்டிக்கொண்டு முன்னறைக் கதிரையில் இருந்தேன். முதல் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போவது, தாடிக்காரரைக் கண்டால் கையைக் காட்டி நிறுத்துவது, நானும் வருகிறேன் என்று வாயைத் திறந்து சொல்வது. அதைப் பலமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சத்தமும் வரவில்லை. வெளியே வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. இன்று வரமாட்டார்கள் போல என்று எழும்பித் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன்.

வந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்கு முன்னால் தெரு இறக்கம். மேல் மூலையில் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் பின் ஒருவராக, சில்லு மட்டும் உருள இறங்கி வந்தார்கள். கமிட்டியில் இப்படி ஒரு பேச்சே இருக்கவில்லை. இது எனக்காக அவர்களாகவே செய்வது. ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் கடந்து போயிருக்கிறார்கள். தாடிக்காரர் வந்தார். பின் சீட்டில் யாரும் இல்லை. பின்னால் வந்த புதிய ஆள் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரிக்க, அவர் திரும்பி, என் யன்னலைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தார்.

என் மற்றக் கை பக்கத்துக் கதவுப் பிடியில் இருந்தது. இப்போது திறந்தால், பாவம் மனுஷனை எழுப்பிவிட்டோம் என்று பதறுவார்கள். மன்னிப்புக் கேட்பார்கள். கடைசி வண்டி கீழ் மூலையில் மறையும்வரை நானும் மூச்சுக் காட்டாமல் நின்றேன்.